மருதாணிக்குக் கீழே

சின்ன வெங்காயம் உரிக்க வலது கட்டை விரல் எவ்வளவு வேண்டியிருக்கிறது என்பது இந்த வயதில்தான் தெரிகிறது. தலையைக் கிள்ளி, தோலின் நுனியைக் கட்டை விரல் நகத்தால் ஒரு நெம்பு நெம்பினால் போதும், சட்டை கழற்றிய குழந்தை மாதிரி வெங்காயம் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். அண்ணிக்கு அப்படித்தான் வருகிறது, தட்டில் அவள் பக்கம் குவிந்துகொண்டே போகிறது, என் பக்கம் கொஞ்சம் கிடக்கிறது, அதிலும் பாதியில் தோல் ஒட்டியிருக்கிறது. நான் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவே தோலைச் சிகரெட் பிடிக்கிற மாதிரி பிடித்து இழுக்கிறேன், கட்டை விரலை உள்ளங்கைக்குள் மடக்கி வைத்திருக்கிறேன், விரிக்கக் கூடாது, விரித்தால் கண் அங்கே போகும், கண் போனால் தெரிந்துவிடும். தெரிய வேண்டியது இன்றைக்குத் தெரிந்துதான் ஆக வேண்டும், ஆனால் இந்தச் சமையலறை மேஜையில் இல்லை, தில்லை நகரில், அந்த டாக்டரின் லென்ஸுக்குக் கீழே, அவர் பார்த்துச் சொல்லட்டும், என் கண்ணுக்கு அந்த வேலை வேண்டாம். "யாருக்கு உரிக்கிற சுகந்தி, கொசுவுக்கா?" என்கிறாள் அண்ணி. "உங்க அண்ணன் வந்து உக்காந்தா வெங்காயக் குழம்புல வெங்காயத்தைத் தேடுவாரு." நான் சிரிக்கிறேன், சிரிப்பு சரியாக வந்ததா என்று எனக்கே சந்தேகமாக இருக்கிறது, அண்ணி நிமிர்ந்து பார்க்கவில்லை, வந்திருக்கும். "ஆட்டோவை எத்தனை மணிக்கு வரச் சொன்ன?" "வந்துரும் அண்ணி." "டெய்லர் கடைக்குப் போக ஆட்டோ எதுக்கு, நடந்தா ரெண்டு தெரு." அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தேன், காலையில் பல் விளக்கும்போது தயார் செய்த பதில், இப்போது வாயில் வரவில்லை, வெயில் என்கிறேன். புரட்டாசி வெயில் என்று அவளே அதைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறாள், புரட்டாசியில இப்படி அடிச்சா, ஐப்பசியில மழை எங்கேருந்து வரும், மோட்டார் போட்டா தண்ணி காத்தா வருது. பேசட்டும். பேசிக்கொண்டே இருக்கட்டும்.

மற்ற ஒன்பது நகங்களையும் எனக்கு நன்றாகத் தெரியும். இடது சுண்டு விரல்தான் முதலில் தேறியது, அது எதிலும் இடிக்காத விரல், எந்த வேலையும் செய்யாத விரல், வீட்டுக்கு ஒரு பிள்ளை அப்படி இருக்கும். மோதிர விரல் இரண்டும் அதற்குப் பிறகு. நடுவிரல்கள் நுனியில் இன்னும் ஏடு ஏடாகப் பிரிகின்றன, பால் ஏடு மாதிரி மெலிசாக ஒன்று தூக்கிக்கொள்ளும், துண்டில் மாட்டும், சேலைத் தலைப்பில் மாட்டும், மாட்டும்போது உடம்பு பூராவும் ஒரு கூச்சம் ஓடும், பிய்த்துவிடலாம் என்று வரும், பிய்க்கக் கூடாது. உரியறதைப் பிய்க்காதீங்க, பிய்ச்சா நல்ல நகமும் சேந்து வரும், மேலேருந்து நுனிவரைக்கும் ஒரே பக்கமா அரத்தால தேய்ங்க, அறுக்குற மாதிரி முன்னும் பின்னும் வேண்டாம், பாத்திரம் கழுவினா கையுறை, தண்ணில கையை ஊற வைக்கவே கூடாது, கழுவித் துடைச்சதும் எண்ணெய். டாக்டர் சொன்னது எதையும் நான் விடவில்லை. பரீட்சைக்குப் படிக்கிற பெண் மாதிரி செய்தேன். விளக்கெண்ணெயையும் தேங்காய் எண்ணெயையும் கலந்து ஒரு பழைய கண் மருந்து பாட்டிலில் ஊற்றி வைத்திருக்கிறேன், ஒவ்வொரு நகத்தின் அடியிலும் ஒரு சொட்டு, பிறகு வட்டமாகத் தேய்ப்பு. ஒன்பது நகத்துக்கும் விளக்கைப் போட்டுக்கொண்டு. பத்தாவதுக்கு வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டு, ஜன்னலை, எதிர்வீட்டு மொட்டை மாடியில் காயும் போர்வையை. அந்த நகத்தைத் தொட்டுத்தான் தெரியும் எனக்கு. வழவழப்பு கூடியிருக்கிறது. அடியில் புதிதாக வந்திருக்கிறது, பழைய நகமும் புதியதும் சேரும் இடத்தில் ஒரு சின்ன மேடு, அது வாரத்துக்கு வாரம் நுனியை நோக்கி நகர்கிறது, விரல் அதை உணர்கிறது. நிறம் விரலுக்குத் தெரியாது. அதனால்தான் விரலை நம்பி விட்டிருக்கிறேன்.

கனடாவில், மிசிசாகாவில், அந்த நக அலங்காரக் கடைக்குள் நுழையும்போதே மூக்கில் ஏறும் நெடி இப்போதும் வருகிறது, வெங்காய நெடிக்கு அடியிலிருந்து வருகிறது, பொடியும் திரவமும் சேரும் நெடி, பல் டாக்டர் அறையும் பெயிண்ட் கடையும் கலந்த மாதிரி. வங்கியில் கவுன்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவளுக்கு முகத்தைவிடக் கைதான் முக்கியம், வருகிறவர்கள் கையைத்தான் பார்ப்பார்கள், நோட்டை எண்ணும் கையை, கையெழுத்துப் போடும் இடத்தைச் சுட்டிக்காட்டும் விரலை. நான் நகம் கடிப்பவள். பள்ளிக்கூடத்திலிருந்தே. அங்கே போய், வீட்டில் பேச்சு குறையக் குறைய, கடிப்பது கூடி, விரல் நுனி புண்ணாகி, ஒருநாள் ஒரு கிழவர் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து, உனக்கு ஒன்றும் ஆகவில்லையே மகளே என்று கேட்டார். அன்று சாயங்காலம்தான் லின்னின் கடையில் போய் உட்கார்ந்தேன். நம் நகத்தின் மேல் ஒட்டிவிடும் அக்ரிலிக் நகத்தைக் கடிக்க முடியாது, பல் வலிக்கும். அவ்வளவுதான் காரணம், அழகு அல்ல, பல்லுக்கு ஒரு பூட்டு. லின் முகமூடி போட்டிருப்பாள், கண் மட்டும் தெரியும், என் கையைத் தன் கையில் வாங்கி மெஷினால் நகத்தின் மேல்பரப்பைத் தேய்ப்பாள், தேய்த்தால்தான் ஒட்டும், தேய்க்கத் தேய்க்க வெள்ளைப் பொடி பறக்கும், அது என் நகம், வருஷக்கணக்காக என் நகத்தைப் பொடியாக்கி அவள் மேஜை துடைக்கும் துணியில் கொட்டியிருக்கிறேன், அப்போது அது தோன்றவில்லை, அப்போது அது சுகமாகக்கூட இருந்தது, யாரோ ஒருவர் என் கையைப் பிடித்திருந்தார்கள். அந்த நாட்களில் அது ஒன்றுதான் எனக்குக் கை பிடிப்பு. அதை நினைக்க வேண்டாம். விவாகரத்து முடிந்துபோன விஷயம், சண்டை இல்லாமல் முடிந்தது, பையன் கவின் அங்கே படிக்கிறான், நான் இங்கே வந்துவிட்டேன், அண்ணன் வீட்டு மாடி, கீழே அண்ணியின் சமையலறை. கதை அவ்வளவுதான்.

லின் பார்த்திருப்பாளா. இதுதான் சுற்றிச் சுற்றி வருகிறது, இரண்டு மாதமாக. ஒவ்வொரு முறையும் அடியில் வளர்ந்த வெறும் நகத்தை அவள்தானே நிரப்பினாள், அவள்தானே நெருங்கிக் குனிந்து பார்த்தாள். ஒருமுறை என் கட்டை விரலைக் கொஞ்ச நேரம் கூடுதலாகப் பிடித்திருந்தாள், மெஷினை நிறுத்திவிட்டு, இடித்துக்கொண்டாயா என்று கேட்டாள், நான் ஆமாம் கார் கதவு என்றேன். அது நடந்தது. அவள் கேட்டதும் நடந்தது, கார் கதவும் நடந்தது, ஆனால் எந்தக் கை. பனி பெய்த காலை, கவினின் ஹாக்கி மட்டையைப் பின்சீட்டில் போட்டுவிட்டுக் கதவைச் சாத்தினேன், கையுறையோடு விரல் மாட்டியது, சத்தம் போடவில்லை, ஏனென்றால் வீட்டுக்குள் அவர் தூங்கிக்கொண்டிருந்தார், காரைச் சுற்றி நடந்தேன், வாயில் விரலை வைத்துக்கொண்டு, எந்த விரலை. வலது கையில் சாவி இருந்தது. அப்படியானால் இடது. ஆனால் ஓட்டுநர் பக்கத்துப் பின்கதவென்றால் வலது கையால்தான் சாத்துவேன், சாவியை முதலிலேயே பையில் போட்டிருப்பேன். பையில் போட்டேனா. வாயில் வைத்த விரலில் கையுறைக் கம்பளி மணம் இருந்தது, அது நன்றாக நினைவிருக்கிறது, மணம் நினைவிருந்து என்ன பயன், மணத்துக்கு இடது வலது உண்டா. வலது என்றால் அடிபட்ட நகம், அடிபட்ட இடம் கோடு போடும், டாக்டரே சொன்னார், நகம் முளைக்கிற இடத்துல பலமா அடிபட்டிருந்தாலும் கோடு வரலாம் மேடம், யோசிச்சுப் பாருங்க. யோசித்துக்கொண்டேதான் இருக்கிறேன். சில நாள் வலது என்று முடிவாகிவிடும், அன்றைக்கு நன்றாகச் சாப்பிடுவேன்.

"அது என்ன, எப்பப் பாத்தாலும் பொறந்த புள்ள மாதிரி கட்டை விரலை உள்ள வெச்சு மூடிக்கிற?" அண்ணியின் குரல் வெகு பக்கத்தில் கேட்கிறது. நான் கையைக் கீழே இறக்குகிறேன், மடியில். "பழக்கம் அண்ணி." "அமெரிக்காப் பழக்கமா?" "கனடா." "எல்லாம் ஒண்ணுதான், குளுருற ஊரு." அண்ணிக்கு ஐம்பத்திரண்டு வயது, தமயந்தி என்று பெயர், அண்ணன் மட்டும்தான் தயா என்பான். வந்த புதிதில் என் நகங்களைப் பார்த்துவிட்டு, இதை வெச்சுக்கிட்டு எப்படிடி சோறு பிசைவ, குழம்பு உள்ள போயிடாதா என்று கேட்டாள், நான் ஸ்பூனால் சாப்பிட்டேன், அதை அவள் ஊர் பூராவும் சொன்னாள். பிறகு அந்த ஒட்டு நகங்கள் ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொள்ள ஆரம்பித்தன, இங்கே நிரப்ப ஆள் தேடவில்லை, தேடவேண்டும் என்று தோன்றவில்லை. இங்கே பேச்சுக்குப் பஞ்சமில்லை, கடிக்க வாய் சும்மா இருந்தால்தானே. மருந்துக் கடையில் அசிட்டோன் வாங்கி, பஞ்சில் நனைத்து, விரலில் அலுமினியத் தாளைச் சுற்றி, மாடியில் தனியாக உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கழற்றினேன், கடைசியில் பொறுமை போய் நெம்பினேன், நெம்பும்போது நல்ல நகமும் மேல் தோல் மாதிரி வந்தது. அடியில் இருந்தவை நகம் மாதிரியே இல்லை. ஈரக் காகிதம். அழுத்தினால் வளைந்தன. அதையெல்லாம் பார்த்து அழ வந்தது, சிரிப்பும் வந்தது, பிறகு வலது கட்டை விரலுக்கு வந்தேன், அதில் அடியிலிருந்து நுனிவரை ஒரு கறுப்புக் கோடு நின்றது. முதலில் பசை என்று நினைத்தேன். பஞ்சால் துடைத்தேன். கோடு அங்கேயே நின்றது.

டாக்டருக்குப் போன் செய்து நேரம் வாங்கினேன், யாரிடமும் சொல்லவில்லை, ஆடி மாதம், வெள்ளிக்கிழமைக்கு முந்தின நாள் போக வேண்டும். அதற்கு முந்தின சாயங்காலம் அண்ணி மருதாணி அரைத்துவிட்டாள். ஆடி பொறந்து இவ்வளவு நாளாச்சு, வீட்டுல ஒரு பொம்பளை கையில மருதாணி இல்லைன்னா என்ன அர்த்தம் என்றாள். மரத்திலிருந்து உருவிய இலை, கொட்டைப்பாக்கு, கொஞ்சம் புளி, மிக்ஸியில் அரைபடாது என்று அம்மியில் வைத்து அரைத்திருந்தாள், கிண்ணத்தில் கரும்பச்சையாக நின்றது. "கையைக் கொண்டா." நான் மாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அண்ணி, நாளைக்கு டாக்டர்கிட்டப் போறேன், நகத்துல கலர் இருக்கக் கூடாது. இவ்வளவுதான் வாக்கியம். ஆனால் அந்த வாக்கியத்தைச் சொன்னால் அடுத்த கேள்வி என்ன டாக்டர், அதற்கடுத்தது எதுக்கு, அதற்கடுத்தது அண்ணன், அதற்கடுத்தது கவினுக்கு வீடியோ அழைப்பு. "உன் நகமெல்லாம் பாரு, பல்லி உரிச்ச சட்டை மாதிரி. மருதாணி வெச்சா கெட்டியாயிடும், எங்க அம்மா சொல்லும்." சொல்லிக்கொண்டே உருண்டை பிடித்து என் விரல் நுனிகளுக்குத் தொப்பி போட்டுவிட்டாள், ஒவ்வொன்றாக, கட்டை விரலுக்குப் பெரிய தொப்பி. ஈரமும் குளிர்ச்சியும் நகத்தின் மேல் உட்கார்ந்தன. கையை விரித்து வைத்துக்கொண்டு அவள் ஊட்டிய தோசையைச் சாப்பிட்டேன். பத்துத் தொப்பியோடு மல்லாந்து படுத்து, காலையில் கழுவினால் எனக்கு எப்போதும் பற்றுகிற அந்த வெளிறிய ஆரஞ்சு இல்லை, ரத்தச் சிவப்பு. மெலிந்த நகம் உறிஞ்சித் தள்ளிவிட்டது. அண்ணி கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அடேங்கப்பா, எப்படிப் பிடிச்சிருக்கு! யாரோ உன்மேல உசுரா இருக்காங்கடி." சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது, புருஷனை விட்டுவந்தவளிடம் சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டோம் என்று. காது மடல் சிவந்துவிட்டது. பிறகு சட்டென்று, "நான்தான்னு வெச்சுக்கயேன்" என்று சொல்லிவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

டாக்டர் ஷெரின் சின்னப் பெண். என் விரலை மேஜை விளக்குக்குக் கீழே வைத்து லென்ஸை இறக்கியவர் உடனே தூக்கிவிட்டார். "மேடம், என்னது இது, மருதாணியா?" ஆடி என்றேன். அது ஒரு பதில் மாதிரி எனக்குத் தோன்றியது, அவருக்கும் தோன்றியது போலிருக்கிறது, பெருமூச்சு விட்டார். "நான் பாக்க வேண்டியது கலரை. நீங்க கலரையே மூடிட்டு வந்து நிக்கிறீங்க. கோடு எவ்வளவு அகலம், ஓரம் நேரா போகுதா கலைஞ்சிருக்கா, ஒண்ணும் தெரியல." மேலே லேசாகத் தேய்த்து எடுக்க முடியாதா என்று கேட்டேன். நகத்தை விரலால் அழுத்திப் பார்த்தார், அது வளைந்தது. "இதுல தேய்க்க என்ன இருக்கு? ஏற்கெனவே மெஷின்ல எல்லாத்தையும் தேய்ச்சு எடுத்தாச்சு." பிறகு குரலை இறக்கிச் சொன்னார். நம்ம நிறத்துல இருக்கறவங்களுக்கு நகத்துல கோடு ரொம்ப சாதாரணம், நிறைய பேருக்கு இருக்கும், பயப்பட வேண்டாம். ஆனா ஒரே விரல்ல, அதுவும் கட்டை விரல்ல, இந்த வயசுல புதுசா வந்திருந்தா, சும்மா விடக் கூடாது. ரெண்டு வழி இருக்கு. இப்பவே விரலை மரத்துப்போக வெச்சு, நகத்தைத் தூக்கி, வேர்லேருந்து துணுக்கு எடுத்து அனுப்பலாம், ஆனா இந்த நகம் தாங்காது, கிழிஞ்சு வரும், அப்புறம் ஆயுசுக்கும் பிளந்தே வளரும். இல்லேன்னா காத்திருங்க. மருதாணி இருக்கற நகம் மேல போகட்டும், அடியில புது நகம் வரும், அதுல சாயம் இருக்காது. அது சுத்தமா வந்தா பழைய ரத்தக்கட்டு, கோடும் மேல நகர்ந்து போயிடும். புது நகத்துலயும் கோடு வந்துச்சுன்னா வேர்தான் அதைப் போடுது. அப்ப எடுத்துப் பாத்துடணும், தள்ளிப் போடக் கூடாது. ஆவணி கழியட்டும், வாங்க. நான் காத்திருக்கிறேன் என்றேன். மிக வேகமாகச் சொன்னேன், கடையில் விலை குறைத்ததும் சரி என்கிற மாதிரி.

காத்திருப்பது என்பது இவ்வளவு சத்தமான காரியம் என்று தெரியாது. வெளியே ஒன்றும் இல்லை, குக்கர் விசில், அண்ணனின் செய்திச் சேனல், தெருவில் கோலப்பொடிக்காரர், உள்ளே ஒரே கூச்சல். ஆங்கிலத்தில் போனில் தேடிப் படித்தேன், ஆங்கிலத்தில் அதன் பெயர் ஒரு பூவின் பெயர் போல மென்மையாக இருக்கிறது, அந்த மொழியில் படிக்கும்போது நான் வங்கிக்காரி, சதவீதம் பார்ப்பேன், எதிர்பக்கத்தில் இருப்பவருக்கு விளக்குவது போல எனக்கே விளக்கிக்கொள்வேன். பிறகு போனை வைத்துவிட்டுக் குளிக்கப் போனால், தலையில் தண்ணீர் ஊற்றும்போது அதையே தமிழில் மனசு சொல்லும், புற்று என்று சொல்லும், வயிறு படியிலிருந்து தவறி விழுந்த மாதிரி போகும். ஒரே விஷயம்தான். ஒரு மொழியில் மூளைக்குப் போகிறது, இன்னொன்றில் வயிற்றுக்கு. ஞாயிற்றுக்கிழமைகளில் கவின் கூப்பிடும்போது போனை இடது கையில் பிடித்துக்கொள்வேன், அம்மா ஏன் கை காட்டவே மாட்டேங்கறீங்க, மருதாணி வெச்சீங்களாமே, மாமி போட்டோ அனுப்பினாங்க என்றான். மாமி. அண்ணி எனக்குத் தெரியாமல் அவனுக்குப் போட்டோ அனுப்பியிருக்கிறாள், சிவந்த பத்து விரல், அதில் கட்டை விரலும் இருக்கும், கோடு சாயத்துக்குள் மூழ்கியிருக்கும், இருந்தாலும் அவன் பெரிதாக்கிப் பார்த்திருந்தால். பார்த்திருக்க மாட்டான். இருபது வயதுப் பையன் அம்மாவின் விரலைப் பெரிதாக்கியா பார்ப்பான். எண்ணெய் தேய்க்கும்போதெல்லாம் வேறொன்று வரும், இதுதான் மோசம், இதை யாரிடமும் சொல்ல முடியாது, நான் தேய்க்கிற எண்ணெய் நகத்துக்குப் போகிறதா அதற்குப் போகிறதா. எதை வளர்த்துக்கொண்டிருக்கிறேன். ஒருநாள் தேய்க்காமல் விட்டேன். மறுநாள் நகம் வெளிறி நுனியில் தூக்கிக்கொண்டது, பயந்துபோய் இரண்டு முறை தேய்த்தேன்.

"சுகந்தி, நீ உரிச்சது போதும், எந்திரி, கண்ணு ரெண்டும் குளமா இருக்கு" என்கிறாள் அண்ணி. அழுகிறேனா, வெங்காயமா, எனக்கே தெரியவில்லை, வெங்காயம் என்று வைத்துக்கொள்ளலாம், இந்தக் காய்க்கு இந்த ஒரு நல்ல குணம். கன்னத்தைத் துடைக்க வலது கையைத் தூக்குகிறேன், புறங்கையால்தான் துடைக்கிறேன், அதற்குள் அவள் எட்டி மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். "இரு இரு, வெங்காயக் கையைக் கண்ணுல வெக்காத." பிடித்தவள் விடவில்லை. "மருதாணி எவ்வளவு தூரம் ஏறியிருக்குன்னு பாப்போம், காட்டு." சுண்டு விரலைப் பார்க்கிறாள், மோதிர விரலைப் பார்க்கிறாள், பாதிக்கு மேல ஏறிடுச்சு, அடியில நல்லா வந்திருக்கே, நான் சொன்னேன்ல மருதாணி கெட்டியாக்கும்னு, ஒவ்வொரு விரலாக நிமிர்த்துகிறாள், கட்டை விரலுக்கு வருகிறாள், நான் மடக்கியிருக்கிறேன். "விடு." "வேணாம் அண்ணி." "என்ன வேணாம், புண்ணா?" "இல்ல." அவள் விரல்களுக்கு அம்மியில் அரைத்த பலம், என் விரல் மூன்று நொடிகூடத் தாங்கவில்லை, விரிந்துவிட்டது. நான் பார்க்கவில்லை. நான் அண்ணியின் முகத்தைப் பார்த்தேன். இரண்டு மாதமாக நகத்தைப் பார்க்காமல் இருக்கப் பழகியவளுக்கு நகத்தை இன்னொருவர் முகத்தில் பார்க்கத் தெரியாமல் இருக்குமா. ஒன்றும் தெரியவில்லை. புருவம் சுருங்கியிருந்தது, ஆனால் அது வெள்ளெழுத்துச் சுருக்கம். "இதுவும் நல்லாத்தான் வந்திருக்கு" என்றாள். "சுத்தமா இருக்கா அண்ணி?" "இருக்கும்." "இருக்கும்னா? அடியில, மருதாணி இல்லாத இடத்துல, கோடு எதாவது தெரியுதா?" "என்ன கோடு?" "கறுப்பா. மேல் கீழா." அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "இரு, கண்ணாடி எடுத்துட்டு வர்றேன்."

கண்ணாடி டிவி மேல் இருக்கும், இல்லாவிட்டால் பூஜை அலமாரியில், இல்லாவிட்டால் அவள் தலையிலேயே. நான் கையை மேஜை மேல் வைத்துவிட்டுப் போன மாதிரி வைத்திருக்கிறேன், அது என் கை இல்லை, யாரோ மறந்துவிட்டுப் போனது. ஜன்னலைப் பார்க்கிறேன். காக்கை ஒன்று கம்பியில் உட்கார்ந்து அலகைத் தீட்டுகிறது, இந்தப் பக்கம் ஒரு தேய்ப்பு, அந்தப் பக்கம் ஒரு தேய்ப்பு, அப்படித் தேய்க்கக் கூடாது, ஒரே பக்கமாகத் தேய்க்க வேண்டும். உள்ளே இழுப்பறை திறக்கிறது, மூடுகிறது. நானே குனிந்து பார்த்துவிடலாம். தலையை ஒரு சாண் தாழ்த்தினால் போதும். தாழ்த்தவில்லை. வலது கை, வலது கைதான், கதவை வலது கையால்தான் சாத்தினேன், சாவி பையில்தான் இருந்தது, இருந்திருக்க வேண்டும். அண்ணி வந்துவிட்டாள், முந்தியில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, நைட்டிக்கு முந்தி ஏது, நைட்டியின் ஓரத்தில் துடைத்துக்கொண்டே. என் கட்டை விரலை எடுத்து ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினாள். குனிந்தாள். அவள் மூச்சு விரலில் பட்டது. தாளித்த மணம்.

"இருக்கு" என்றாள்.

பிறகு, "பென்சில்ல இழுத்த மாதிரி. அடியிலேருந்தே வருது. எதுக்குடி கேக்குற?" என்றாள். நான் சொன்னேன். இவ்வளவு நாள் உள்ளே சுற்றிச் சுற்றி வந்தது வெளியே வந்தபோது மிகக் கொஞ்சமாக இருந்தது, நாலைந்து வாக்கியம், டெய்லர் கடை இல்லை, டாக்டர், ஆடியிலேயே ஒருமுறை போனேன், இந்தக் கோடு என்னவென்று தெரியாது, ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம், இன்றைக்கு எடுத்துப் பார்க்கச் சொல்வார்கள். மருதாணியைச் சொல்லவில்லை. அதை விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் அண்ணி வெங்காயம் உரிக்கிற வேகத்தில் யோசிப்பவள். "ஆடியிலயே போனியா? அப்ப அவங்க பாக்கலையா? இப்ப எதுக்குப் பாக்கணும்?" அவள் என் விரலையும் அதன் நுனியில் ஏறி நிற்கும் சிவப்பையும் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள். "நான் வெச்சதுனாலயா?" இல்லை அண்ணி என்று சொல்ல வாயெடுத்தேன். பொய் தயாராக இல்லை. அவள் என் கையைக் கீழே போடவில்லை, ஆனால் முகம் கடுகடுவென்று ஆகிவிட்டது, இவ்வளவு கோபத்தை நான் அவளிடம் பார்த்ததில்லை. "வேணாம்னு ஒரு வார்த்தை. அத்தனை வருஷம் இங்கிலீஷ்ல எவன் எவன்கிட்டயோ பேசுன வாய்க்கு, அண்ணி வேணாம்னு சொல்ல வரலையா? நான் என்ன கையைக் கடிச்சா தின்னுருப்பேன்? தொப்பி வெக்கும்போது சிரிச்சுக்கிட்டுல்ல உக்காந்திருந்த! ஊட்டி வேற விட்டேன், பாவி." குரல் உடைந்தது, உடைந்ததை மறைக்க இன்னும் சத்தமாகப் பேசினாள். "ரெண்டு மாசம். ஒரே வீட்டுல. மேல உக்காந்து நீ இதைத் தின்னுக்கிட்டிருக்க, கீழ நான் உனக்குப் பிடிக்குமேன்னு அடை சுட்டு அனுப்பிக்கிட்டிருக்கேன்." வாசலில் ஆட்டோ ஹாரன் அடித்தது. அவள் அடுப்பை நிறுத்தினாள். வெங்காயத் தட்டின் மேல் ஒரு மூடியைக் கவிழ்த்தாள். "சேலை மாத்தணும்னா நேரமாகும்" என்று தனக்கே சொல்லிக்கொண்டு, நைட்டி மேல் ஒரு துப்பட்டாவை இழுத்துப் போட்டுக்கொண்டு, செருப்பை மாட்டினாள். "நீங்க எதுக்கு அண்ணி" என்றேன். "வாயை மூடு" என்றாள்.

ஆட்டோவில் காற்று வரும் ஓரத்தில் அவள் உட்காரவில்லை, என்னை உட்கார வைத்தாள். அவள் முழங்கால் என் முழங்காலோடு இடித்தது, நகர்த்தவில்லை. "எவ்வளவு நேரம் ஆகும்?" "தெரியல." "வலிக்குமா?" "மரத்துப்போக ஊசி போடுவாங்க. அதுதான் வலிக்குமாம்." "உள்ள நானும் வருவேன். வெளிய உக்காருங்கன்னா உக்கார மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்." டிரைவர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தான், அவள் அவனிடமும், "ரோட்டைப் பாத்து ஓட்டுப்பா, கொஞ்சம் சீக்கிரம் போ" என்றாள். நாச்சியார் கோயில் திருப்பத்தில் நின்றோம், முன்னால் ஒரு தண்ணீர் லாரி, வெயில் பக்கவாட்டில் உள்ளே விழுந்தது, என் மடி மேல், என் கை மேல். குனிந்தேன். முதலில் நுனியில் சிவப்பைப் பார்த்தேன், காய்ந்த பூவிதழ் மாதிரி, ஓரத்தில் இன்னும் ஏடு பிரிந்திருந்தது. பிறகு அதற்குக் கீழே. இப்படி ஒரு நகம் எனக்கு இருந்ததே இல்லை. கடித்த காலத்திலும் இல்லை, மூடிய காலத்திலும் இல்லை. இளஞ்சிவப்பாக, ஒரு கீறல் இல்லாமல், வெயிலை வாங்கிப் பளபளத்தது. நட்ட நடுவில், அடியிலிருந்து, அந்தக் கோடு, அதுவும் ஒரு தடுமாற்றம் இல்லாமல் நேராக வந்திருந்தது. ஒரே எண்ணெய் குடித்தவை இரண்டும். எந்தக் கை என்ற கேள்வி அந்த நிமிடம் எங்கேயோ போய்விட்டது, கதவும் பனியும் கம்பளியும் போய்விட்டன. இடது கை விரலால் நகத்தின் நடுவில் அழுத்தினேன், கோட்டின் மேலேயே, நன்றாகப் பலமாக. வளையவில்லை. லாரி நகர்ந்தது, அண்ணி முன்கம்பியைப் பிடித்துக்கொண்டாள். இன்றைக்கு இதைத் தூக்குவார்கள். கிழியாது, தாங்கும்.